தண்ணி மாமா

கண் மூடமாட்டேன் என்றது. செல்வம்மாள் உள்ளங்கையை வைத்து இமைகளை மறுபடியும் கீழே இழுத்துவிட்டாள். கையை எடுத்ததும் வலது கண் மட்டும் மெல்லத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தது.

"உடு செல்வம், தானா மூடும்," என்றாள் பக்கத்துக் குடிசை ஜெயம்மா. "எத்தினி அலைய பாத்த கண்ணு. சட்டுனு மூடிக்குமா? ஆதி தண்டலுக்கு முதுவுலயும் கண்ணு இருக்குதுன்னு கப்பல்காரனே சொல்லுவானாம்."

சுற்றி இருந்த பெண்கள் அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் உரக்க அழுதார்கள். செல்வம்மாளுக்கு அழுகை வரவில்லை. மறுபடியும் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். இந்தக் கண்ணைப் பற்றி இனி யாரும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

அவள் புருஷன் ஆதிநாராயணன் காலையில் சலங்கை விட்டு இறங்கி மணலில் உட்கார்ந்தவர்தான். நெஞ்சை என்னமோ பண்ணுகிறது என்று சொல்லிச் சாய்ந்தார். தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போடும்போதே உடம்பு ஆறியிருந்தது.

சலங்கு என்றால் ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த பலகைப் படகு. தைத்த படகு என்பதால் தண்ணீர் கசிந்துகொண்டேதான் இருக்கும். வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற ஒல்லாந்துக் கப்பலுக்குப் பழவேற்காட்டுக் கரையிலிருந்து துணிப் பொதி ஏற்றிப் போகிற வேலை. முகத்துவாரத்தில் ஏரியும் கடலும் முட்டிக்கொள்கிற இடத்தில் அலை உடையும். அதைத் தாண்டுவதுதான் பிழைப்பு. துடுப்பு போடுகிறவர்கள் கரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். எதிரே வருகிற அலையைப் பார்த்து எப்போது நிறுத்துவது, எப்போது இழுப்பது என்று சொல்ல வேண்டியவர், பின்னால் நின்று பெரிய துடுப்பைப் பிடிக்கிற தண்டல். அவர் காலடியில் ஒருவன் உட்கார்ந்து மரச்சட்டியால் தண்ணீர் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருப்பான். அவனும் எதிரே பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பான். ஆனால் சட்டி பிடிக்கிறவனை யார் கணக்கில் வைக்கிறார்கள்.

ஆதி தண்டலுக்குக் கண் தெரியாது. சில வருஷமாகவே தெரியாது. உப்பும் வெயிலும் தின்றதோ, வேறென்ன வியாதியோ. பார்க்க நல்ல கண்ணாகத்தான் இருக்கும். பட்டப்பகலில் ஆள் நிழல் மாதிரி தெரியும், விடியற்காலையில் அதுவும் இல்லை. தலைத்துணியைப் புருவம் வரைக்கும் இறக்கிக் கட்டுவார். கேட்டால் வெயில் என்பார். செல்வம்மாள் கஞ்சிக் கலயத்தோடு முன்னால் நடப்பாள், அவள் வளையல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார். பொண்டாட்டி இல்லாமல் கடலுக்குப் போகத் தெரியாதவர் என்று கோட்டைக்குப்பம் ஊரே கேலி பண்ணியது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

சலங்கில் ஏறியதும் பாட்டு எடுப்பார். தினமும் புதுப் பாட்டு. ஒவ்வொருவனையும் பேர் சொல்லிக் கேலி பண்ணி ஒரு அடி. மாமியாருக்குப் பயந்து ஓடிவந்தவன் எங்கே என்பார், இங்கேதான் என்று அவன் கத்துவான். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே இழுப்பார்கள். இன்றைக்கு நமக்கு என்ன பாட்டு என்பதற்காகவே உடம்பு முடியாதவனும் வந்து ஏறுவான். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறான், யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று குரலை வைத்தே அவர் தெரிந்துகொள்வதற்காக உண்டாக்கிய பாட்டு அது. அது செல்வம்மாளுக்குத் தெரியும். இன்னொருவருக்கும் தெரியும். அவள் அண்ணன் துளசிங்கம். சட்டி பிடிக்கிறவன்.

அலை உடைகிற இடத்துக்கு வந்ததும் துளசிங்கம் சட்டியால் பலகையில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் இழு. ஆதி தண்டல் அதை உள்ளங்காலில் வாங்கிக்கொண்டு, வாயைத் திறந்து கத்துவார். அந்தக் குரலுக்குத்தான் மற்றவர்கள் கை ஓடியது. துளசிங்கத்தை அவர்கள் தண்ணி மாமா என்றார்கள். அந்தப் பேரை வைத்தது அதே சலங்கில் துடுப்பு போடுகிற செல்வம்மாளின் மகன் கங்காதரன். மாமனைக் கேலி பண்ண மருமகனுக்கு உரிமை உண்டுதானே. "சட்டிய சத்தம் போடாம வெக்கத் தெரியல அதுக்கு," என்று வீட்டில் வந்தும் சொல்லுவான். ஆதி தண்டல் ஒரு நாளும் அதட்டியதில்லை.

"எங்கண்ணன் கையில துடுப்பக் குடுத்துட்டு நீ உக்காரேன்," என்று ஒரு தடவை செல்வம்மாள் கேட்டிருக்கிறாள்.

"உங்கண்ணனுக்குக் கண்ணு இருக்குது, வாயி இல்லியே," என்றார். துளசிங்கத்துக்குப் பேச்சு திக்கும். "அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள அலை உள்ள வந்துடும். எனக்கு வாயி இருக்குது. ரெண்டையும் சேத்தாத்தான் ஒரு தண்டல்."

"அப்ப ஒருத்தருக்குப் பேரு, ஒருத்தருக்குச் சட்டியா?"

அன்றைக்கு அவர் கஞ்சியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. அப்துல் ஷுக்கூர் மரைக்காயர் வந்திருந்தார். ஒல்லாந்துக் கும்பினிக்காகக் கரையில் பொதிகளைக் கவனிக்கிறவர். உடம்பைப் பார்த்துவிட்டுத் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கங்காதரனைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றாலும் குடிசை ஓலைக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"துக்க வீட்டுல பேசுற பேச்சில்ல தம்பி. ஆனா வாடைக் காத்து திரும்பறதுக்குள்ள கப்பல் போயாவணும். நாளைக்கு உங்க சலங்கு வரலேன்னா பொதி ஏத்தற முறைய பசியாவரத்துக் குப்பத்துக்காரங்களுக்குக் குடுத்துடச் சொல்லிக் கும்பினிக் கோட்டையில உத்தரவு. போனா திரும்பி வராது. உங்க ஆளுங்க ஆளுக்கொரு படகுல போயித் தொங்கணும். தண்டல் யாருன்னு நான் போயிச் சொல்லணும்."

"நான் இருக்கேன்ல," என்றான் கங்காதரன். அழுது தொண்டை கட்டியிருந்தாலும் அப்பனுடைய குரல்தான். முழுக் கரைக்கும் கேட்கிற குரல். "நாளைக்கு வரும் மரைக்காயரே."

"தண்டல் மவன் தண்டலு, இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது," என்றான் முன்வரிசையில் துடுப்பு போடுகிற சீனிவாசன்.

செல்வம்மாள் கண்ணிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து கொல்லைப்பக்கம் போனாள்.

துளசிங்கம் பாடைக்கு மூங்கிலைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நாளைக்கு நீ போவியா?"

"கங்கா கூப்டா போவேன்."

"போயி தட்டுவியா?"

கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டான். "தட்டுனா அவனுக்கு இன்னா புரியும். மாமாவுக்கு சத்தமில்லாம வெக்கத் தெரியலம்பான்."

"வாயால சொல்லேன்."

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "என் வாயா?"

"அப்ப நான் சொல்லிடறேன். எல்லாத்தையும்."

மூங்கிலைக் கீழே வைத்தான். பேச்சு திக்கித் திக்கி வந்தது. "மச்சான் பேரு போயிடும் செல்வம். கண்ணு தெரியாதவன் கையிலயா புள்ளைங்கள உட்டோம்னு கேப்பாங்க. பாடை எறங்கறதுக்குள்ள கேப்பாங்க."

"சொல்லாம உட்டா? என் புள்ள நாளைக்கு அந்த இடத்துல நின்னுக்கினு எதப் பாத்துக் கத்துவான்?"

துளசிங்கம் முகத்துவாரத்தின் பக்கம் திரும்பினான். அங்கிருந்து வருகிற இரைச்சலைக் கொஞ்ச நேரம் கேட்டான்.

"இந்த மாசம் தண்ணி நல்லால்ல," என்று மட்டும் சொன்னான்.

குளிப்பாட்டுவதற்காக வாசலில் கழி நட்டுப் புடவைகளால் மறைப்புக் கட்டினார்கள். ஆண்கள் குடம் குடமாகத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்கள். உள்ளே அவளும் மகனும்தான். பலகையில் கிடத்திய அப்பன் தலையைக் கங்காதரன் தாங்கிப் பிடித்தான். அவள் சீயக்காயைத் தேய்த்தாள்.

"கங்கா. உன் நைனாவுக்குக் கண்ணு தெரியாது."

"இப்ப எப்பிடிம்மா தெரியும்," என்றான் அவன் மெதுவாக. அம்மா கலங்கிப் பேசுகிறாள் என்று நினைத்துவிட்டான்.

"இருந்தப்பவே தெரியாது."

கையை நிறுத்தாமல் சொன்னாள். வளையலைச் சொன்னாள். பாட்டு எதற்கு என்று சொன்னாள். கழுத்து, மார்பு, தோள் என்று தேய்த்துக்கொண்டே வந்தாள், சொல்லிக்கொண்டே வந்தாள். மறைப்புக்கு அந்தப் பக்கம் சீனிவாசன் யாரிடமோ சங்கு ஊதுகிறவன் வந்துவிட்டானா என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

"பொய்யி," என்றான் கங்காதரன்.

"அலைக்குள்ள போறப்ப இழுக்கணும்னு உனக்கு யாரு சொன்னது?"

"நைனாதான். போடுன்னு கத்தும்."

"கத்தறதுக்கு முந்தி?"

அப்பன் தலைக்கு அடியில் இருந்த அவன் கையை அவள் பார்த்தாள். விரல் பலகையில் இரண்டு தரம் தட்டியது. தட்டியது அவனுக்கே தெரிந்த மாதிரி இல்லை.

அப்பன் தலையை மெல்லப் பலகையில் கிடத்தினான். கடைசிக் குடத்தை எடுத்துக் காலில் ஊற்றினான். பாதத்தைக் கையில் ஏந்திப் பிடித்து, உள்ளங்காலில் ஒட்டியிருந்த மணல் போகிறவரை தேய்த்தான். மணல் போன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் மனசில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பெற்ற பிள்ளைதான். ஆனாலும் வெளியே போய் என்ன சொல்லிவிடுவானோ.

அப்பன் வேலையைப் பிள்ளை ஏற்கும்போது தாய்மாமன் தலையில் துணி கட்டிவிடுவது வழக்கம். கருமாதியன்று செய்வதுதான். கப்பல் காத்திருக்கிறதால் பாடை தூக்குவதற்கு முன்னாலேயே கட்டிவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு பண்ணினார்கள். துளசிங்கம் புதுத் துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். சலங்கு ஆட்கள் சுற்றி நின்றார்கள். மரைக்காயர் ஓரமாக நின்றார்.

கங்காதரன் தலையைக் குனியவில்லை.

"குனிடா," என்றது ஒரு குரல்.

"எனக்கு அலை பாக்கத் தெரியாது," என்றான் அவன்.

செல்வம்மாள் வாசற்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எதிர்ல வர்றதுக்கு முதுவக் காட்டிக்கினு உக்காந்தவந்தான் நான். நீங்களும் அப்பிடித்தான். நைனா காலடியில குந்திக்கினு நைனா பாத்ததையெல்லாம் கூடவே பாத்தது மாமா ஒருத்தருதான். பெரிய துடுப்பு அவரு கையில இருக்கட்டும்."

"தண்ணி மாமாவா?" என்றான் சீனிவாசன். "அவரு போடுன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள நாம பசியாவரத்துக்கே போயி ஒதுங்கிடுவோம்பா."

சாவு வீடு என்பதையும் மறந்து இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். துளசிங்கத்தின் உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை.

"கத்தறதுக்கு நான் இருக்கேன். சட்டிய நான் எடுத்துக்கறேன். அலை வந்தா மாமா காலால என் முதுவுல தட்டட்டும். ஒரு தட்டு தட்டுனா நிறுத்து, ரெண்டு தட்டுனா இழு."

துளசிங்கம் சட்டென்று தங்கையைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"தண்டல் மவன் தண்ணி மொள்ளுவியா?" சீனிவாசனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"மொள்ளுவேன்."

"ஊரு உன்ன இன்னான்னு கூப்புடும் தெரியுமில்ல? தண்ணி மருமவன்."

"கூப்புடட்டும்."

மாமன் கையிலிருந்த துணியை வாங்கி, மாமன் தலையிலேயே சுற்றினான். கட்டத் தெரியாத கை. அப்பன் கட்டுகிற மாதிரியே புருவம் வரைக்கும் இறங்கிவிட்டது. ஒரு அடி பின்னால் தள்ளி நின்று பார்த்தான். பிறகு கிட்டே வந்து, கண் இரண்டும் நன்றாகத் தெரிகிற மாதிரி துணியை மேலே ஏற்றிவிட்டான்.

மரைக்காயர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "துளசிங்கம்னு சொல்லிடவா கோட்டையில?"

"சொல்லுங்க."

சங்கு முழங்கியது. பாடை எழும்பியது. முன்னால் ஒரு பக்கம் கங்காதரன் தோள், மறுபக்கம் சீனிவாசன் தோள். தெருமுனை திரும்புகிறவரை செல்வம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜெயம்மா வந்து அவள் கையைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தாள். வளையல்களை ஒன்றோடொன்று மோதி உடைத்தார்கள். மணிக்கட்டில் ஒரு கீறல் விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் விடிவதற்கு முன்னால் தானாகவே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து கஞ்சியைக் கலயத்தில் ஊற்றினாள். துக்கக்காரி கரைப்பக்கம் போகக்கூடாது. கங்காதரன் வாசலில் நின்று கலயத்தை வாங்கிக்கொண்டான், மறு கையில் மரச்சட்டி இருந்தது. இறங்கி நடந்தான். இருட்டில் காலடிச் சத்தம் போகப் போக, அவள் பழக்கத்தில் வலது கையைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினாள்.

சத்தம் வரவில்லை.

தூக்கிய கையோடு அப்படியே நின்றாள். காற்று கரைப் பக்கமிருந்து அடித்தது. சலங்கு மணலில் உரசி இறங்குவது கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பாட்டு எழும்பியது. வழக்கமாக வருகிற உயரத்திலிருந்து இல்லாமல், படகின் அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி தாழ்ந்து வந்தது.

தண்டல் மவன் எங்க, ஏலேலோ,
தண்ணி மொள்ளுறான் இங்க, ஏலேலோ.

யாரோ சிரித்தார்கள். சீனிவாசனாக இருக்கும். துடுப்புகள் ஒன்றாக விழுந்தன. பாட்டு முகத்துவாரத்துப் பக்கம் நகர்ந்து நகர்ந்து போய், அலை இரைச்சலுக்குள் புகுந்து காணாமல் போனது.

அவள் நின்றாள்.

அலைக்கு அந்தப் பக்கமிருந்து, மெல்லிசாக, பாட்டு மறுபடியும் கேட்டது. அதற்கப்புறம்தான் கையை இறக்கினாள்.