இடம் மாறிய பெண்கடல்

பிரெசில்லாவின் சேனலில் அந்த வீடியோவைக் காணவில்லை. தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பதை ஆடி மாத விடியலில் அவளே எடுத்துப் போட்டது. நாலு லட்சம் பேர் பார்த்தது. உரிமைப் புகாரால் நீக்கப்பட்டதாக ஒரு வரிதான் மிச்சம். ஊர் பேர் தெரியாத ஒருவன் அதையே தன் சேனலில் போட்டுக்கொண்டு, திருடியவள் அவள்தான் என்று முந்திக்கொண்டு புகார் கொடுத்திருந்தான். வீடியோ தன்னுடையதுதான் என்று ஏழு நாளில் நிரூபிக்காவிட்டால் சேனலே போய்விடும்.

மேல்முறையீடு அனுப்பினாள். பதினோரு நிமிடத்தில் நிராகரித்துவிட்டார்கள்.

"மிஷினு படிச்சிருக்கும்," என்றான் கணவன் கில்பர்ட், வலையில் கிழிசல் தேடியபடி. "விட்டுத் தள்ளு புள்ள. வேற எடுத்துப் போடு."

"உங்க வலையில விழுந்த மீன இன்னொருத்தன் அள்ளிட்டுப் போனா விட்டுருவீங்களா?"

"கைய ஒடிச்சிருவேன்."

"அப்ப சும்மா இருங்க."

திருடனின் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். அதே வலை, அதே ஆட்கள், கில்பர்ட்டின் அதே கிழிந்த பனியன். ஆனாலும் ஏதோ இடித்தது. அந்தக் கரையில் வடக்கே குளம்போலக் கிடப்பது பெண்கடல், தெற்கே அலையடிப்பது ஆண்கடல்.

"கிழக்க பாத்து நின்னா பெண்கடல் எந்தப் பக்கம்?"

"எடது பக்கம். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"இங்கன பாருங்க. சூரியன் எதுத்தாப்புல இருக்கு. பெண்கடல் சோத்துக்கைப் பக்கம் கெடக்கு."

இரண்டும் ஒரே வீடியோ என்று மிஷின் கண்டுபிடித்துவிடாமல் இருக்க, படத்தை இடம் வலமாகத் திருப்பியிருக்கிறான். கில்பர்ட் சிரித்துவிட்டான். "அடப்பாவி, ஊரையே பொரட்டிப் போட்டுட்டானே!"

மறுநாள் விடியலில் அதே இடத்தில் நின்று லைவ் போட்டாள். இடப்பக்கம் பெண்கடல், எதிரே சூரியன், வலப்பக்கம் ஆண்கடல் என்று நிதானமாகக் காட்டினாள். பிறகு கில்பர்ட்டின் போனில் திருட்டு வீடியோவை ஓடவிட்டு அருகில் பிடித்தாள்.

"கடலு எடம் மாறாது. மாத்துனது யாருன்னு நீங்களே சொல்லுங்க."

குவைத்திலும் சவூதியிலும் வேலைக்குப் போயிருந்த ஊர்க்காரர்கள் விடவில்லை. திருடனின் சேனலுக்கே போய், 'ஏலே, ஆண்கடல எங்கன ஒளிச்சு வச்சிருக்க?' என்று ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளினார்கள்.

சாயங்காலம் அவனிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா, என் வீடியோவ எடுத்துடறேன். நீங்க அந்த லைவ அழிச்சிடுங்க.'

"எறங்கி வந்துட்டான்ல, முடிச்சுக்க," என்றான் கில்பர்ட்.

அவள் தட்டினாள்: 'மொதல்ல புகார வாபஸ் வாங்கு தம்பி. என் வீடியோ எனக்குத் திரும்பி வரட்டும். லைவ் அங்கனயேதான் கெடக்கும்.'

அனுப்பிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டாள். காலையில் மறுபடி வலை இழுக்கிறார்கள்.