தளபதி நம்பாத மழை

அப்துல் கபார் தன் காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மழை வரும் என்றால், சொன்ன நிமிடத்துக்கு மழை வரும். ஒரே நிபந்தனை, யாரிடம் சொல்கிறாரோ அந்த ஆள் அதை நம்பக் கூடாது. நெய்வேலியில் இது எல்லோருக்கும் தெரியும். பால் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதைப் போலத்தான் இதையும் பேசிக்கொள்வார்கள்.

சட்டை வந்த கதை இது. சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட மேட்டில், இரண்டாம் உலகப் போரைப் படமெடுக்க ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. படத்தின் கதையில் படை ஆற்றைக் கடக்கக் காத்திருக்கிறது, வானிலை அதிகாரி புயல் வரும் என்கிறார், தளபதி நம்பாமல் படையை இறக்குகிறார், புயல் வந்துவிடுகிறது. அதிகாரியாக நடிக்க வேண்டியவருக்கு வயிற்றுக் கோளாறு. மழைநீர் பம்ப் ஓட்டும் காண்டிராக்ட் தொழிலாளியான கபார் வேடிக்கை பார்க்கப் போனவர். சட்டை அளவு சரியாக இருந்ததால் பிடித்து நிறுத்திவிட்டார்கள். "புயல் வரும், தளபதி" என்பதுதான் மொத்த வசனம். கழுத்துப் பொத்தானைப் போட்டதும், "நாளைக் காலை பத்து இருபதுக்கு" என்று வாய் தானாகச் சேர்த்துச் சொன்னது. தளபதி வேஷக்காரர் நிஜமாகவே சிரித்துவிட்டார். மறுநாள் கத்திரி வெயிலில், பத்து இருபதுக்குப் புயல் வந்தது. அட்டை டாங்கி ஒன்று பறந்துபோய்க் காடாம்புலியூரில் ஒரு பலா மரத்தில் உட்கார்ந்தது; மரத்துக்காரர் சீசன் முடிகிறவரை அதைத் தொந்தரவு செய்யவில்லை. நிஜப் புயலையே படம் பிடித்த மகிழ்ச்சியில் கம்பெனி சட்டையைத் திருப்பிக் கேட்க மறந்து ஊர் போய்ச் சேர்ந்தது.

பம்ப் பிரிவு இன்ஜினியர் வெங்கடேஷ் நல்ல மனிதர், எதையும் நம்பிவிடுவார். அதுதான் வினை. கபார் அவரிடம் மழை என்றார். அவர் சுரங்கத்தின் அடித்தட்டிலிருந்த மோட்டார்களையெல்லாம் மேலே ஏற்றினார். வெயில் மண்டையைப் பிளந்தது. அதே வாரம் கபார் தன் வீட்டில் மனைவி சாஜிதாவிடம் சட்டையோடு நின்று மழை என்றார். "நீங்க சொல்லி ஒரு தூறலாவது வுழுமா?" என்றாள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மூன்று மாதம் குறித்துவைத்துப் பார்த்த வெங்கடேஷுக்கு விஷயம் பிடிபட்டது: படத்தில் எப்படியோ சட்டையும் அப்படித்தான், தளபதி நம்பக் கூடாது. அன்றிலிருந்து தினமும் காலை ஆறரைக்கு மந்தாரக்குப்பத்தில் கபார் வீட்டு மதிலோரம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் காதை நீட்டுவார். கபார் அடுப்படி வாசலில் நின்று வானிலை சொல்வார். சாஜிதா உதட்டைப் பிதுக்குவாள். வெங்கடேஷ் போய் மோட்டாரை ஏற்றுவார், அல்லது இறக்குவார். நான்கு வருஷத்தில் ஒரு மோட்டார்கூட மூழ்கவில்லை.

சாஜிதா நம்பாததற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான மறுநாள் கபார், "அடுத்த வருஷம் பர்மனன்ட் ஆயிடும், டவுன்ஷிப்ல குவார்ட்டர்ஸ் குடுத்துடுவாங்க" என்று சொல்லியிருந்தார். இருபத்தாறு வருஷமாக வருஷா வருஷம் அதையே சொன்னார். பொய் என்று சொல்லிவிட முடியாது, ஆசைதான். ஆனால் கேட்டுக் கேட்டு அவளுக்கு நம்புகிற பழக்கமே விட்டுப்போயிருந்தது.

மகள் மிஸ்ரியாவின் நிக்காஹ் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. மண்டபம் கிடைக்கவில்லை, திறந்த மைதானம், துணிப் பந்தல், எழுநூறு பேருக்குப் பிரியாணி. வியாழக்கிழமை வழக்கம்போலப் பொத்தானைப் போட்ட கபாரின் வாய், "ஞாயிறு பகல் பதினொன்றரை, எட்டு சென்டிமீட்டர்" என்றது. கபார் அவசரமாகப் பொத்தானைக் கழற்றினார். மிஸ்ரியா அழுதாள். வெங்கடேஷ் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, இந்த ஒரு தடவ அவர நம்பிடுங்க" என்று கெஞ்சினார். சாஜிதாவும் மூன்று நாள் முயன்றாள். நம்புகிறேன், நம்புகிறேன் என்று வாயால் சொல்லிக்கொண்டே இருந்தாள், முகம்தான் ஒத்துழைக்கவில்லை. சேத்தியாத்தோப்புப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஞாயிறு காலை கபார் சட்டையைப் போட்டு, கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். முதல் தடவையாக, சட்டை சொல்லாததை அவராகச் சொன்னார்.

"சாஜிதா, நான் பர்மனன்ட் ஆவ மாட்டேன். அம்பத்தாறு வயசு ஆயிடுச்சு. குவார்ட்டர்ஸும் கெடைக்காது. பத்து வருஷமா எனக்குத் தெரியும். ஒன் மொகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல."

சாஜிதா கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் சொன்னதை நம்பினாள். அழுதுகொண்டே முழுசாக நம்பினாள். இத்தனை வருஷம் இந்த மனுஷன் இதை ஒற்றை ஆளாகச் சுமந்திருக்கிறாரே என்று அவளுக்கு நெஞ்சு கனத்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப மழையும் வருங்களா?" என்று கேட்டாள். வரும் என்றார். "இன்னும் என்ன பாத்துகினு நிக்கிறீங்க? தார்ப்பாய் கொண்டாரச் சொல்லுங்க, சோறு நனஞ்சிடும்" என்று எழுந்து ஓடினாள்.

பதினொன்றரைக்கு மேகம் மைதானத்துக்கு மேலே வந்தது. பத்திரிகை வைக்காத சொந்தக்காரர் மாதிரி கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு, வளையமாதேவிப் பக்கமாகப் போய்விட்டது. பிரியாணி காலியாயிற்று. ஆனால் அன்று காலை அவள் நம்பியது மழையை மட்டுமல்ல, பர்மனன்ட் ஆகாது என்று சட்டையோடு அவர் சொன்னதையும்தான். பன்னிரண்டாம் நாள் கபாருக்குப் பர்மனன்ட் ஆர்டர் வந்தது. பட்டியலில் பெயர் எப்படி ஏறியது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஏறிவிட்டதால் யாரும் கேட்கவும் இல்லை. தை மாதம் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸும் கிடைத்தது.

சாஜிதா இப்போது கணவர் சொல்வதையெல்லாம் நம்புகிறாள். அதனால் ஒன்றுகூடப் பலிப்பதில்லை. கபார் மழை என்றால் வெங்கடேஷ் வெயில் என்று எழுதிக்கொள்கிறார், மோட்டார்கள் பத்திரமாக இருக்கின்றன. யாராவது கேலி செய்தால் சாஜிதா விடமாட்டாள். "அவரு சரியாத்தான் சொன்னாரு. வானந்தான் பேச்சு மாறிடுச்சு" என்பாள். காலையில் அவர் மழை என்று சொன்னதும் கொடியில் கிடக்கும் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போவாள். அதைப் பார்த்துவிட்டு, அந்த பிளாக்கில் மற்ற எல்லோரும் ஈரத்துணியைக் கொண்டுவந்து வெளியே உலர்த்துகிறார்கள்.