சொல்லாமல் விட்ட வசனம்

முள்ளியவளையில் யதுர்ஷிகாவின் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. தோட்டக் கிணற்றுக் கட்டில் இருந்தால்தான் வகுப்பு அறுந்து அறுந்து போகாமல் கேட்கும். அதனால் புதன்கிழமைகளில் இரண்டு மணியானதும் அவளுடைய அப்பா கனகலிங்கம் தண்ணீர் இறைக்கும் மெசினை நிறுத்திவிடுவார். மிளகாய்க் கன்றுகள் வெயிலில் துவண்டு கிடந்தாலும் மூன்று மணிவரை அதைத் தொடமாட்டார். அது என்ன வகுப்பு என்று அவருக்கு முழுதாக விளங்கவில்லை. போனுக்குள் ஏழு பிள்ளைகளும் படிப்பிக்கிற ஒரு சேரும் இருக்கிறார்கள், அவர்கள் கதைக்கும்போது மெசின் இரையக்கூடாது என்பது மட்டும் விளங்கியிருந்தது.

அவளுக்கு வந்த வருத்தத்தின் பெயரை ஆஸ்பத்திரியில்தான் முதன்முதலாகக் கேட்டார்கள். எல்லைநிலை ஆளுமைக் கோளாறு.

"எல்லை எண்டால் எந்த எல்லை, டொக்டர்?" என்று அம்மா கமலாசனி கேட்டாள்.

வைத்தியர் சிரிக்கவில்லை. "மற்றவைக்குச் சுடுகிற இடத்தில இவவுக்குப் பத்தி எரியும், அம்மா. ஆரும் தன்னை விட்டிட்டுப் போயிடுவினமோ எண்டு பயம் வந்தால் தாங்கேலாது. மாத்தலாம். ஆனால் மருந்துக் குளிசை மட்டும் காணாது" என்றார். தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்காகத் தமிழில் போன் வழியே நடக்கும் சிகிச்சை வகுப்பொன்றில் அவளைச் சேர்த்துவிட்டார். இருபது கிழமை, கிட்டத்தட்ட ஐந்து மாதம். புதனில் எல்லோரும் சேர்ந்து, சனியில் சுதாகரன் சேரோடு தனியே அரைமணி நேரம்.

யதுர்ஷிகாவுக்கு அந்த 'ஆரும்' என்பது ஒரே ஓர் ஆள்தான். ஜெயரூபினி.

முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. இருவரும் வவுனியாவில் ஒரே அறையில் தங்கிப் படித்தார்கள். ஜெயரூபினி சிரித்தால் அன்றைய நாள் நல்ல நாள். அவள் வேறொருத்தியோடு சாப்பிடப் போனால் யதுர்ஷிகாவுக்கு அது கெட்ட நாள். ஒரு மணித்தியாலத்தில் நாற்பது மெசேஜ் அனுப்புவாள். முதல் பத்தில் கெஞ்சுவாள், அடுத்த பத்தில் ஏசுவாள், பிறகு மன்னிப்புக் கேட்பாள். ஒன்றும் பலிக்காதபோது கடைசியாக ஒரு வசனம் இருந்தது: "அப்ப நான் சாகிறன்." அதற்கு ஜெயரூபினி எங்கிருந்தாலும் ஓடி வருவாள்.

இரண்டாம் வருடச் சோதனை அன்று காலையும் அந்த வசனத்தைத்தான் அனுப்பினாள். முதல் நாள் நடந்த ஒரு சின்னச் சண்டை. சோதனை மண்டப வாசலில் போனை அணைக்கப் போன ஜெயரூபினி அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினாள். அறைக் கதவைத் தட்டித் தட்டிக் கத்தினாள். உள்ளே யதுர்ஷிகா கட்டிலில் உட்கார்ந்து அவள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்துவிட்டாள் என்ற நிம்மதியில் கதவைத் திறக்கப் பதினைந்து நிமிடம் எடுத்தாள். ஜெயரூபினிக்குச் சோதனை போனது. அடுத்த மாதம் படிப்பையும் விட்டு, போன் நம்பரையும் மாற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் யதுர்ஷிகா உண்மையாகவே தன்னைக் காயப்படுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது.

வகுப்பில் கற்றுத் தந்தவை கேட்கச் சின்ன விசயங்கள். பொங்கி வரும்போது அதற்கு ஒரு பெயர் வை. கோபமா, பயமா, வெட்கமா? முகத்தைக் குளிர்தண்ணீரில் கழுவு. அனுப்ப நினைப்பதைக் கொப்பியில் எழுதி, இருபது நிமிடம் மூடி வை. யதுர்ஷிகா மூன்று கொப்பி எழுதி முடித்தாள். பதின்மூன்றாம் கிழமையில் எழுதியவற்றைத் திரும்ப வாசித்தபோது, அதிலிருந்தது பயம் என்று அவளுக்கே தெரிந்தது. இவ்வளவையும் அவள் படித்தது ஜெயரூபினியிடம் திரும்பிப் போவதற்காக. அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சனிக்கிழமை சுதாகரனிடம் சொன்னாள்.

"மன்னிப்புக் கேக்கிறது உங்கட வேலை. அதுக்குப் பிறகு என்ன செய்யிறது எண்டது அவவின்ர வேலை. ஒண்டும் கிடைக்காமலும் போகலாம். அதுக்கும் ஆயத்தமோ?"

"ஓம் சேர்" என்றாள். ஆயத்தமில்லை. கிடைக்கும் என்றே நம்பினாள்.

நாலு வரியில் கடிதம் எழுதி ஜெயரூபினியின் அம்மாவின் பெயருக்குப் போட்டாள். ஒன்பதாம் நாள் தெரியாத நம்பரிலிருந்து மெசேஜ் வந்தது: ஞாயிறு பூசை முடிய வா.

முல்லைத்தீவில் ஜெயரூபினியின் வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் ஜெயரூபினியின் அப்பா மரியநேசன் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் வாவென்றும் சொல்லாமல், போவென்றும் சொல்லாமல் எழுந்து பின்பக்கம் போனார். அம்மா யூலிற்றா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு வாசல் நிலையோடு நின்றாள். உள்ளே போகவில்லை.

ஜெயரூபினி எதிர்க் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். நண்டு பதனிடும் இடத்தில் வேலை என்றாள். விரல் நுனியெல்லாம் வெட்டுக்காயம்.

"உன்ர சோதனையை நான்தான் அழிச்சனான், ரூபி" என்றாள் யதுர்ஷிகா. "நீ கதவடியில கத்தேக்க நான் வேணுமெண்டுதான் திறக்கேல்லை. அது எவ்வளவு பெரிய பிழையெண்டு இப்ப தெரியும். மன்னிச்சுக்கொள்." ஏனென்றால் என்று தொடங்கும் ஒன்றையும் சேர்க்கவில்லை.

ஜெயரூபினி அழுதாள். "நீ சுகமாகிறது எனக்குச் சந்தோசம், யது. உண்மையா. பூசையில உனக்காகக் கேக்காத கிழமையில்லை." கண்ணைத் துடைத்தாள். "ஆனால் இனி வராதை."

யதுர்ஷிகா கையிலெடுத்த தேத்தண்ணியைத் திரும்ப வைத்தாள்.

"உன்னில கோவமில்லை. போன் அடிச்சால் இப்பவும் ஓடுறதுக்குச் செருப்பைத் தேடுறன். அம்மா எடுத்தாலும் தேடுறன். அண்டைக்கு அந்தக் கதவுக்கு வெளியில நீ செத்திட்டாய் எண்டு நினைச்சுத்தான் நிண்டனான். நீ கதவைத் திறந்தனி. ஆனால் எனக்குள்ள நீ உயிரோட திரும்பி வரேல்லை."

பழைய வசனம் யதுர்ஷிகாவின் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் ஜெயரூபினி எழுந்து வந்து கையைப் பிடிப்பாள். ஒருநாளும் பொய்த்ததில்லை. கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். பயம், என்று மனதுக்குள் பெயர் வைத்தாள். பயம், பயம்.

"ஓம்" என்றாள். "வரமாட்டன்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். வாசல் படலையடியில் மரியநேசன் நின்றார். "பஸ் இருக்கோ, பிள்ளை?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்ஸை ஏறாமல் விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள்.

புதன்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொன்னாள். "ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவள் இருந்திருப்பாள், சேர். நான் சொல்லேல்லை. அவளுக்காகத்தானே இதைப் படிச்சனான்? இனி என்னத்துக்கு இது?"

சுதாகரன் கண்ணாடியைக் கழற்றினார். "யதுர்ஷிகா, கேளுங்கோ. இண்டைக்கு உங்களைத் தனிய விடமாட்டன். வகுப்பு முடிஞ்ச உடனை போன் எடுக்கிறன்." எடுத்தார். கமலாசனியோடும் கதைத்தார்.

இருபது கிழமையும் முடிந்தது. யதுர்ஷிகா ஊர் முன்பள்ளியில் உதவிக்குப் போகத் தொடங்கினாள். சித்திரையில் ஒருநாள், முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் இளையதம்பி நிறுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "நேற்று எங்கட மரியநேசன்ர பெட்டைக்குக் கலியாணம். பேசாலைப் பக்கத்து மாப்பிள்ளை. நல்ல சனம்." யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அவள் மீனை வாங்கிக்கொண்டு குசினிக்குள் வந்தாள். கழுவினாள். பாதியில் மீனை அப்படியே விட்டாள். சுவரோடு சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் கேட்டுக் கமலாசனி ஓடிவந்தாள். மகள் அழுதால் அந்த ஒன்றரை வருடமாக அவள் முதலில் பார்ப்பது மகளின் கைகளைத்தான். இப்போதும் பார்த்தாள்.

"ரூபிக்குக் கலியாணம் முடிஞ்சுதாம், அம்மா."

கமலாசனி மகளின் ஈரக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்டும் நடக்காது. பயப்பிடாதைங்கோ" என்றாள் யதுர்ஷிகா. "அழ மட்டும் விடுங்கோ."

கமலாசனி அடுப்பை அணைத்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள். அன்று மத்தியானச் சாப்பாடு நன்றாகப் பிந்தியது.