முதலில் எதை எடுப்பது

தேசிகன் கூடத்தின் நடுவில் பித்தளை அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி ருக்கு அடுப்பு மூட்டப் போகும்போதும் அப்படித்தான் நின்றார். குழம்பை இறக்கிவிட்டு வந்து பார்க்கும்போதும் அப்படியே நின்றார். பெங்களூருக்குப் பிளேக் வந்த வருஷம் அது. சிக்கபேட்டையில் அவர்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஜனங்கள் ஒக்கலிபுரத்துக்கு அப்பால் வெட்டவெளியில் கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். இவர்களும் போயாக வேண்டும். மூட்டை கட்டத்தான் தேசிகன் அண்டாவை எடுத்திருந்தார்.

சமஸ்தானக் கச்சேரியில் அவருக்கு முகாம் குமாஸ்தா உத்தியோகம். பெரிய அதிகாரி ஜில்லா சுற்றக் கிளம்பினால் கூடாரம் எந்த வண்டியில் ஏறும், சமையல்காரன் எப்போது முன்னால் போக வேண்டும், எந்த ஊரில் மாட்டுக்கு வைக்கோல் கிடைக்காது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் சம்பந்திகளை ரயிலடியில் வரவேற்பதிலிருந்து கட்டுசாதம் வரை அவரைக் கேட்டுத்தான் நடக்கும். ஆனி மாதத்திலிருந்து அந்தச் சாமர்த்தியம் போய்விட்டது. யாரும் சாகவில்லை, கச்சேரியில் யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவும் இல்லை. முதலில் தூக்கம் குறைந்தது, பிறகு பேச்சு. குளிக்கப் போனவர் சொம்பில் தண்ணீரை மொண்டு கையில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார். கச்சேரியில் லீவு கொடுத்தார்கள். அவருடைய தமக்கை திருஷ்டி என்றாள். மற்றவர்கள் சோம்பல் என்றார்கள், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

அண்டாவைச் சாக்கில் போட வேண்டும். சாக்கு பரணில் இருக்கிறது. பரணுக்கு ஏணி வேண்டும். ஏணி பக்கத்து வீட்டுச் சேஷகிரியிடம் இருக்கிறது. போய்க் கேட்பதென்றால் அங்கவஸ்திரத்தைத் தேட வேண்டும். அவன் உடம்பு எப்படி என்று கேட்பான், பதில் சொல்ல வேண்டும். இல்லை, அண்டாவுக்குள் முதலில் அரிசியைக் கொட்டிக்கொள்ளலாமோ? அப்படியானால் வழியில் சமைக்க என்ன செய்வது? முன்பெல்லாம் இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். இப்போது எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நின்றன. தேசிகனுக்குக் கை வலித்தது. அண்டாவைக் கீழே வைக்கலாம் என்பதுகூட யோசிக்க வேண்டிய விஷயமாக இருந்தது.

சேஷகிரி அவனாகவே வந்தான். உள்ளே வராமல் வாசற்படிக்கு வெளியே நின்றான்.

"எங்காத்து உள்ளுல எலி செத்துக் கெடந்தது. நாங்க இப்பவே கிளம்பறோம். உங்களுக்கு வண்டி சொல்லியாச்சா?"

"சொல்லணும்," என்றார் தேசிகன்.

சமையலறையில் இருந்த ருக்குவுக்கு அது கேட்டது. வண்டிக்காரன் சாயங்காலம் வருவான் என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். முந்தாநாள் கேட்டபோது அவர் தலையை ஆட்டியிருந்தார். சேஷகிரி போனதும் கூடத்துக்கு வந்தாள். குழந்தை வேதா பாயில் படுத்திருந்தாள். ருக்கு குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

"ஏன்னா, பக்கத்தாத்துல எலி செத்திருக்கு. நாளைக்கு முனிசிபாலிடிக்காரா இங்க வந்து பிளேக் வீடுன்னு கதவுல குறி போட்டுட்டுப் போவா. உங்களுக்கு மனசுல ஒண்ணுமே இல்லையா?"

"எல்லாம் தெரியறது ருக்கு." அவர் அவளைப் பார்க்கவில்லை. "என்னென்ன செய்யணும்னு எல்லாம் தெரியறது. எது முதல்லன்னுதான் தெரியல்லே."

அவள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அண்டாவை வாங்கிக் கீழே வைத்தாள்.

தனியாக வெளியே போய் எதையும் பேசி முடித்த வழக்கம் ருக்குவுக்கு இல்லை. வேதாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வண்டிப்பேட்டைக்கு நடந்தாள். "எல்லிகெ அம்மா?" என்று கேட்ட வண்டிக்காரனிடம் தனக்குத் தெரிந்த கன்னடத்தில் ஊருக்கு வெளியே என்று சொன்னாள். வீட்டில் யஜமானர் இல்லையா என்று அவன் கேட்டான். இருக்கிறார், உடம்பு சரியில்லை என்றாள். காய்ச்சலா என்று அவன் பின்வாங்கினான். காய்ச்சல் இல்லை என்று குழந்தை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. வேறு என்ன உடம்பு என்று அவன் கேட்டதற்குப் பதில் சொல்ல அவளுக்கு எந்தப் பாஷையிலும் வார்த்தை கிடைக்கவில்லை.

வண்டி வந்ததும் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "இந்தப் பாயைச் சுருட்டுங்கோ." சுருட்டினார். "இப்ப கயித்தைக் கட்டுங்கோ." கட்டினார், முகாமில் கட்டுவது போல, அவிழாத முடிச்சு. "வண்டியில வைங்கோ." வைத்தார். வைத்துவிட்டு வண்டிப் பக்கத்திலேயே நின்றார், அவள் அடுத்ததைச் சொல்லும் வரை. பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட்டார்கள். உப்பு ஜாடியும் பஞ்சாங்கமும் வீட்டிலேயே தங்கிவிட்டன.

வெட்டவெளியில் மூவரும் பிழைத்துக் கிடந்தார்கள். சேஷகிரியின் தம்பி பிழைக்கவில்லை. கொட்டகைகளை வரிசைப்படுத்தவும் தண்ணீருக்கு ஏற்பாடு செய்யவும் கச்சேரியில் ஆள் தேடினார்கள். டவாலிச் சேவகன் தேசிகனைத் தேடி வந்தான். இந்த வேலைக்கு அவரை விட்டால் யார் என்று அதிகாரியே சொன்னாராம். தேசிகன் கொட்டகைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவரால இப்ப முடியாது," என்றாள் ருக்கு.

"பெரிய சந்தர்ப்பம் அம்மா. வேண்டான்னா வேற ஆளைப் போட்டுடுவா."

"போடட்டும்."

சேவகன் போன பிறகு அவள் உள்ளே வந்தாள். தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையசைத்தார். அன்று ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் பழையபடி எழுந்திருக்கவே இல்லை. இப்படித்தான் போயிற்று, ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் ருக்கு குழந்தையுடன் தூரத்துக் கிணற்றுக்குப் போயிருந்தாள். கொட்டகைக்கு வெளியே கொடியில் துணிகள் உலர்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் விறகும், முறத்தில் பரப்பிய உளுந்தும் இருந்தன. ரயில் பாதைக்கு மேலே வானம் கறுத்தது. காற்றில் மண் வாசனை வந்தது. தேசிகன் எழுந்து வெளியே வந்தார். முதல் துளிகள் பெரிதாக விழுந்தன. விறகைப் பார்த்தார், உளுந்தைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். வேதாவின் சின்னப் பாவாடை காற்றில் அடித்துக்கொண்டு அவர் கையில் பட்டது. அதை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். கிணற்றடியிலிருந்து பெண்கள் கூவிக்கொண்டு ஓடி வந்தார்கள். மழை விழுந்துகொண்டிருந்தது. தோளில் பாவாடையுடன், ஒரு கையால் கொடியைப் பிடித்தபடி, அவர் நின்றார்.