மெதுவாகத் திறந்த கம்ப்யூட்டர்

கிடங்கு அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டர் ஒருவழியாகச் செத்துப்போனது. சர்வீஸுக்குப் போன நான், பழைய மெஷினைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளைப் புது மெஷினில் போட்டு, அதற்குள் பழைய சிஸ்டத்தை ஓடவிட்டேன். இருப்புக் கணக்கு புரோகிராம் கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. மேனேஜர் முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கணக்கு பார்க்கும் அக்கா மட்டும் கையிலிருந்த போனை டிராயரில் வைத்து மூடினார்.

"பழசு திறக்கக் கால் மணி ஆகும்," என்றார் நான் கிளம்பும்போது வாசலில் இருந்த காவலாளி. "அதுக்குள்ள அந்த அக்கா படிக்கட்டுல உட்கார்ந்து அவங்க அம்மாகிட்ட பேசிட்டு வந்துடும். அந்தம்மாவும் காலையில போன் பக்கத்துலயே காத்துக்கிட்டு இருப்பாங்க. மத்த நேரம் போனைத் தொட்டா மேனேஜர் விடுவாரா?"

எவன் கேட்டான் என் வேகத்தை? இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சர்வீஸ் என்று பொய் சொல்லிப் போய், எமுலேட்டரின் வேகத்தைப் பழைய மெஷின் அளவுக்குக் குறைத்தேன்.

"என்னப்பா, ஆமை மாதிரி போகுது?" என்றார் மேனேஜர்.

"பழைய சிஸ்டம் சார். பிறவிக் குணம்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனோடு படிக்கட்டுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பினார்.

"பேசலையாக்கா?"

"ரெண்டு நாளா காலையில கூப்பிடலைன்னு அம்மாவுக்குக் கோவம். எடுக்க மாட்டேங்குறாங்க."

புரோகிராம் இன்னும் திறந்தபாடில்லை. இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.