வில்மர் கோப்புக்கு மனம் ஒப்பவில்லை

பள்ளிக்குப் புதுக் கட்டடம் வேண்டும் என்று ஆசிரியை லிடியா யார்னல் சபையில் இரண்டு முறை எழுந்து பேசிவிட்டாள். சபைவீட்டின் நிலவறையில், ஓதம் ஏறிய சுவர்களுக்கு நடுவே, பிள்ளைகள் பட்டப்பகலில் விளக்குப் போட்டுப் படிப்பதைச் சொன்னாள். மேட்டுக்கு அப்பால் கட்டலாம் என்று வரைபடமும் காட்டினாள். இரண்டு முறையும் எல்லார் முகமும் மலர்ந்தது. இரண்டு முறையும் வில்மர் கோப் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "எனக்கு மனசு ஒப்பல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பென்சில்வேனியாவின் அந்தச் சின்ன குவேக்கர் சபையில் ஓட்டுப் போடும் வழக்கம் இல்லை. எல்லார் மனமும் ஒத்துவரும்வரை கடவுள் முன் மௌனமாகக் காத்திருப்பார்கள். ஒருவருக்கு ஒப்பாவிட்டாலும் காரியம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். ஏன் என்று துருவுவதும் இல்லை. வேளை வரும்போது கடவுளே அவரைப் பேசவைப்பார் என்று விட்டுவிடுவார்கள்.

"இந்த ஞாயிறும் தள்ளிப்போச்சுன்னா மூணு குடும்பம் புள்ளைங்கள வேற பள்ளிக்கூடத்துல சேத்துடும், ஹெஸ்டர். அப்புறம் நம்ம பள்ளிக்கூடமே இருக்காது" என்றாள் லிடியா.

கூட்டத்தை நடத்தும் ஹெஸ்டர் பென்னக் புன்னகைத்தாள். "பொறுமையா இரு. பனி உருகுற மாதிரி அவர் மனசும் உருகும்."

"பனி உருகினா நேரா நிலவறைக்குள்ளதான் வருது!"

சனிக்கிழமை லிடியா தன் காகிதங்களை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு வில்மரின் பண்ணை வீட்டுக்கே போனாள். அவர் அடுப்படியில் ஆப்பிள் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. பூட்ஸ கழட்டாத, தரை அதைவிட அழுக்கு. வரைபடமா? நான் ஏற்கெனவே பாத்துட்டேன். அழகாத்தான் இருக்கு."

"அழகா இருக்கா? அப்புறம் ஏன் ஒப்பல?"

கரண்டி நின்றது. "இத இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேக்கல."

"கேக்கக் கூடாதுன்னு இருந்துட்டோம்."

"எனக்கும் சொல்ல வெக்கமா இருந்துச்சு." அவர் அடுப்பைத் தணித்தார். "புதன்கிழமை காலைல சபையில உக்காந்து ஜெபிக்கிறது நானும் ஹெஸ்டரும்தான். அவ பாதிலயே தூங்கிடுவா. கீழேருந்து புள்ளைங்க வாய்ப்பாடு சொல்ற சத்தம் தரைப்பலகை வழியா ஏறி வரும். ஒண்ணு அழும், ஒண்ணு சிரிக்கும். என் வீட்டுக்காரி எட்னா போய்ச் சேந்ததுலேருந்து இந்த வீட்டுல கடிகாரச் சத்தம்தான். நீங்களும் மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டா... ஒப்புதுன்னு பொய் சொல்ல வாய் வரல. ஒரு கிழவனோட ஆசைன்னு உள்ளதச் சொல்லவும் வாய் வரல."

இவரையா கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தோம் என்று லிடியாவுக்குக் குறுகுறுத்தது. காகிதங்களைப் பையை விட்டு அவள் எடுக்கவே இல்லை.

"வர்ற புதன்லேருந்து புள்ளைங்கள மேல கூட்டிட்டு வர்றேன், உங்களோட உக்காரட்டும். கட்டடம் வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

"நெளிவாங்களே."

"ஹெஸ்டர் மட்டும் குறட்டை விடலாமாக்கும்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்கு ரொட்டியில் சூடாகக் கூழ் தடவிக் கொடுத்தார்.

ஞாயிறு கூட்டத்தில் மௌனம் வெகுநேரம் நீண்டது. பிறகு வில்மர் எழுந்து, வாய்ப்பாட்டுச் சத்தத்தையும் தம் வீட்டு வெறுமையையும் ஒளிக்காமல் சொன்னார். "அது கடவுள் போட்ட தடை இல்ல. என் தனிமை போட்டது. நான் வழி விட்டுர்றேன்" என்றார். தூக்க விஷயத்தையும் அவர் விடவில்லை.

"நான் தூங்கல, கண்ண மூடியிருந்தேன்" என்றாள் ஹெஸ்டர். சபையே சிரித்தது. அவள் தீர்மானத்தை எழுதப் பேனாவை எடுத்தாள்.

"இரு ஹெஸ்டர். இன்னும் ஒண்ணு எனக்கு ஒப்பல."

வழக்கம்போல எல்லாரும் தலை குனிந்தார்கள். ஆனால் ஹெஸ்டர் பேனாவை வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். "என்னன்னு சொல்லுங்க, வில்மர்."

"கட்டி முடிக்க ஒரு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் புள்ளைங்க அந்த ஈரத்துலயா கிடக்கணும்? என் வீட்டு முன்கூடம் பெருசு, நல்ல வெயில் விழும். சும்மாதான் கிடக்கு."

முன்வரிசையில் ஒருத்தி கைக்குட்டையைத் தேடினாள்.

"ஒப்புது" என்றார் ஒருவர். "ஒப்புது, ஒப்புது" என்று பெஞ்சு பெஞ்சாகக் குரல்கள் வந்தன. ஹெஸ்டர் இரண்டையும் ஒரே தீர்மானமாக எழுதினாள்.

வெளியே வரும்போதே லிடியா, "நாற்காலி எத்தனை இருக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டு. பெஞ்சுகளத் தூக்கிட்டு வந்துடுங்க. காலையில சீக்கிரம் வாங்க, தரையக் கூட்டி வச்சிருப்பேன்."