சிண்டர்வெல்லில் இன்னும் கலையாத ஸ்க்ரம்

1971 நவம்பர் பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை, மாலை நாலு மணி அடித்து ஐந்து நிமிடத்தில் சிண்டர்வெல் ரக்பி மன்றத்தின் மைதானத்தில் கூடிய ஸ்க்ரம் இன்னும் கலையவில்லை. உள்ளூர்க்காரர்கள் எட்டுப் பேர், ஒன்றரை மைல் தள்ளியிருக்கும் பார்ஸ்லோக்காரர்கள் எட்டுப் பேர். இரண்டு கூட்டமும் குனிந்து, எதிராளியின் தலைக்குப் பக்கத்தில் தலையைச் செருகி, தோளோடு தோள் முட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். பந்து நடுவில் சேற்றில் கிடக்கிறது. முன்வரிசையின் நடுவில் நிற்கும் கிளெம் பிராபின் அதன்மேல் ஒரு காலை வைத்திருக்கிறான். எதிரே நிற்கும் பார்ஸ்லோக்காரனும் ஒரு காலை வைத்திருக்கிறான். யாரும் எடுப்பதாக இல்லை. பனி விழுந்தால், உடம்புச் சூட்டில் அவர்களைச் சுற்றி மட்டும் நாலடிக்குப் புல் தெரியும். காட்டில் இஷ்டத்துக்குத் திரியும் ஆடுகள் குளிர்காலத்தில் அங்கேதான் வந்து படுக்கும்.

இத்தனைக்கும் காரணம் நடுவருடைய விசில். ஆறுக்கு ஆறு என்று சமமாக நின்ற ஆட்டம், பாக்கி இரண்டே நிமிடம். ஸ்க்ரம் அமைந்த இடம் சிண்டர்வெல்லின் கோட்டிலிருந்து ஐந்து கெஜம். பிடியை முதலில் விடுகிறவன் எதிரணிக்கு ஒரு தண்டனை உதையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். இரண்டும் நிலக்கரி வெட்டிய ஊர்கள். கையில் பிடித்ததை விடுகிற வழக்கம் இரண்டுக்கும் கிடையாது. நடுவர் ஊதப் போனார், விசிலில் சேறு அடைத்திருந்தது. அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டுக் கழுவப் போனார். திரும்பி வந்தபோது செவர்ன் ஆற்றிலிருந்து கிளம்பிய மூடுபனி மைதானத்தையே விழுங்கியிருந்தது. கால் மணி நேரம் துழாவிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, குளோஸ்டர் பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். மற்ற பதினான்கு ஆட்டக்காரர்களும் ஆட்டம் முடிந்ததென்று குளிக்கப் போனார்கள். மறுநாள் பனி விலகியபோது பதினாறு பேரும் அப்படியே நின்றார்கள். அடுத்த வாரம் வந்த அதே நடுவர், யார் முதலில் சரிந்தார்கள் என்று பார்க்காமல் ஊத மாட்டேன் என்றார். நேர்மையான மனிதர். பிறகு வந்த நடுவர்கள் இது எங்கள் ஆட்டமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

கிளெம்முக்கும் மேவிஸுக்கும் அப்போது கல்யாணமாகி மூன்று வாரம். அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஐந்து மணிக்குச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் அவன் போனான். அன்று ஆட்டுக்கறியும் பார்லியும் போட்டுக் கொதிக்க வைத்திருந்தாள். ஆறு மணிக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய், மூடுபனியைப் பார்த்து ஊரே கேட்கும்படி திட்டினாள். இரண்டு மாதம் திட்டினாள். பிறகு மற்ற பெண்களைப்போல அவளும் தினமும் ஐந்து மணிக்குப் போய், மண்டியிட்டு, கால்களின் இடைவெளி வழியாகக் கரண்டியை நீட்டிப் பழகிவிட்டாள். கரண்டி போன இடத்தில் இருட்டு, வாங்கிய வாய் தெரியாது. அவன் முகத்தை அவள் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. அவனும் அவளுடைய காலணிகளைத்தான் பார்த்தான். அதனால் அவள் கல்யாணத்தன்று போட்ட சிவப்புக் காலணிகளையே அடிமாற்றி அடிமாற்றிப் போட்டுக்கொண்டாள். மன்றத்தின் சட்டைகளைத் துவைக்கும் வேலையையும் ஏற்றுக்கொண்டாள், மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்க ஒரு சாக்கு வேண்டுமே. இயற்கை உபாதைகளுக்கு அந்தப் பதினாறு பேர் என்ன செய்கிறார்கள் என்று சிண்டர்வெல்லில் நாகரிகம் தெரிந்த எவரும் கேட்பதில்லை.

1988-இல் டென்ஸில் மீக் இந்த விஷயத்தில்தான் தோற்றுப்போனான். எட்டாம் எண் சட்டை போட்டுக் கடைசி வரிசையில் தனியாகத் தலையைச் செருகியிருந்தவன் அவன். அடக்க முடியாமல் பிடியை விட்டுவிட்டு மன்றத்துக் கட்டடத்தை நோக்கி ஓடினான். தண்டனை கொடுக்க நடுவர் அங்கே இல்லாததால் அது செல்லுபடியாகவில்லை. ஆனால் ஸ்க்ரம்முக்குள் யாருக்கும் வயது ஏறவில்லை என்பதை ஊர் அன்றுதான் கண்டது. புல்லில் இருபத்தேழு வயதில் எழுந்தவன், கழிப்பறைக் கதவைத் தொட்டபோது நாற்பத்துநாலு வயதுக்காரனாக, முன்மண்டையில் முடியில்லாமல் இருந்தான். கண்ணாடியைப் பார்த்தான், சட்டையைக் கழற்றி எறிந்தான், ஸ்விண்டனுக்குக் குடிபோய்விட்டான். அந்தச் சட்டையையும் மேவிஸ்தான் துவைத்து, இஸ்திரி போட்டு, அலமாரியில் வைத்தாள்.

அன்றிலிருந்து எட்டுப் பேருக்கு எதிராக ஏழு பேர். வருடத்துக்கு ஐந்து அங்குலம் என்று ஸ்க்ரம் பின்னால் நகர ஆரம்பித்தது. மன்றமும் கூடவே சரிந்தது. ஒருகாலத்தில் மாவட்டக் கோப்பையை நாலு முறை வாங்கிய ஊர், லீகுக்கு லீக் இறங்கி, இப்போது அதற்குக் கீழே லீகே இல்லாத இடத்தில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் பதினொரு ஆண்கள் வந்தால் பெரிய விஷயம், அதில் இரண்டு பேருக்கு முழங்கால் சரியில்லை. பெண்கள் அணி மட்டும் போகிற இடமெல்லாம் வெளுத்து வாங்குகிறது. அதன் தலைவி கீலி, பார்சல் வண்டி ஓட்டுகிறவள், ஆண்கள் அணியைப் பற்றிப் பேச்சு வந்தால் அனுதாபத்தோடு தொண்டையைக் கனைப்பாள்.

2024 இலையுதிர்காலத்தில் மன்றச் செயலாளர் ராய்ஸ்டன் அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தார். கோட்டுக்கு முக்கால் அங்குலம்தான் பாக்கி. அதையும் தாண்டினால் பார்ஸ்லோ பந்தைக் கீழே அழுத்திப் புள்ளி எடுத்துவிடும், ஐம்பத்துமூன்று வருட ஆட்டம் தோல்வியில் முடியும். பார்ஸ்லோக்காரர்கள் வாத்தியக் குழுவுக்கே சொல்லிவைத்துவிட்டார்கள். இரண்டு மாதத்தில் அதுவும் கரைந்து, வரும் சனிக்கிழமை கோடு தொட்டுவிடும் என்றானபோது, எட்டாவது இடத்துக்கு ஆள் கேட்டு ராய்ஸ்டன் கூட்டம் போட்டார். ஒருவருக்கு முதுகு, ஒருவருக்கு வீட்டுக்கடன், ஒருவருக்கு மச்சினிச்சி கல்யாணம். தயாராக இருந்தவள் கீலி ஒருத்திதான், ஆனால் அவளுக்கு இரண்டு கைக்குழந்தைகள். மேவிஸ் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் இழவு வீட்டில் இருப்பதுபோல இருக்க, அவள் மனதுக்குள் கணக்கு வேறாக ஓடியது. தோற்கட்டும். தோற்றால் வெளியே வருவான். கட்டடத்து வாசலை அடைவதற்குள் அவனுக்கும் எழுபத்தைந்து தாண்டிவிடும், ஜோடிப் பொருத்தம் சரியாகிவிடும். ஜன்னலோரத்துக்கு ஒரு நாற்காலிகூட வாங்கிப் போட்டிருந்தாள்.

மறுநாள் ஐந்து மணிக்குச் சட்டியோடு, எட்டாவது ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லப் போனாள். அந்த வாரம் கால் வீங்கி, சிவப்புக் காலணிக்குள் நுழையவில்லை. வீட்டுச் செருப்பும் கைத்தடியுமாகப் போயிருந்தாள்.

"யாரு அது?" என்றது உள்ளேயிருந்து.

"நான்தான். மேவிஸ்."

கிளெம் அந்தச் செருப்பைப் பார்த்தான். பிறகு அவன், "கால் அப்படி ஆகிடுச்சா உனக்கு?" என்றான்.

ஐம்பத்துமூன்று வருடத்தில் அவன் அவளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதான். மற்றதெல்லாம் உப்பு போதவில்லை, ஸ்கோர் என்ன, மழை வருமா.

"கிளெம், போதும். விட்டுட்டு வா. வீட்டுக்குப் போலாம்."

"தோத்துட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது? பார்ஸ்லோகாரன் காதுக்குள்ளயே சிரிக்கிறான், மேவிஸ். அம்பது வருஷமா காதுக்குள்ளயே. பின்னாடி ஒரே ஒரு ஆள் இருந்தா போதும்."

"நாளைக்கு கோட்டைத் தாண்டிட்டு சிரிக்கிறேன் பாரு," என்றது அந்தப் பக்கத்துக் குரல். "அம்மா, அந்தக் குழம்புல கொஞ்சம் எனக்கும் தாங்க."

அவளுக்கு வந்தது 1971-இல் முதல் நாள் மாலை வந்த அதே கோபம்தான். தன்னைக் கட்டிக்கொண்டவனா, இந்தச் சேற்றைக் கட்டிக்கொண்டவனா இவன் என்று கேட்கத் தோன்றியது. சட்டியைப் புல்லில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அலமாரியைத் திறந்து எட்டாம் எண் சட்டையை எடுத்து, கம்பளிச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். கீலியைக் கூப்பிட்டுச் சிவப்புக் காலணிகளின் பக்கவாட்டைக் கத்தியால் கீறச் சொன்னாள். கால் நுழைந்தது.

மறுநாள் சனிக்கிழமை இரண்டு ஊரும் திரண்டிருந்தது. பார்ஸ்லோவின் வாத்தியக் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு மேவிஸ் கைத்தடியை ராய்ஸ்டனிடம் கொடுத்துவிட்டு மைதானத்துக்குள் நடந்தாள். ஆட்சேபிக்க வேண்டிய நடுவர் 1994-லேயே இறந்துவிட்டதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. குனிந்தாள். இரண்டாம் வரிசைக்காரர்கள் இருவரின் இடுப்புக்கு நடுவே தலையைச் செருகினாள். இருட்டுக்குக் கண் பழகியதும் நேர் எதிரே ஒரு சாண் தூரத்தில் தன் கணவனைக் கண்டாள். கண்டது அவனுடைய பின்புறத்தைத்தான். 1971-இல் இருந்த மாதிரியே, கால்சட்டையில் அவள் தைத்துக்கொடுத்த அதே ஒட்டோடு இருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"மணி அஞ்சாச்சு, கிளெம்," என்றாள்.

"தெரியும்," என்றான் அவன். "ஒரே ஒரு தள்ளு."

அவள் தள்ளினாள். ஐம்பத்துமூன்று வருடத்துக் குழம்புச் சட்டிகளை எல்லாம் சேர்த்துவைத்துத் தள்ளினாள். அரை அங்குலம் முன்னால் போனது. வாத்தியக் குழு வாசிப்பதை நிறுத்தியது.

அதற்குப் பிறகு அவளுடைய வீங்கிய கால் வலிக்கவில்லை. ஐந்து மணிச் சாப்பாட்டைக் கீலி கொண்டுவருகிறாள், சட்டைகளை மன்றம் இயந்திரத்தில் போடுகிறது. ஸ்க்ரம்மின் பின்னால் நீண்டுகொண்டிருக்கும் சிவப்புக் காலணிகளுக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு ஆடு எப்போதும் படுத்திருக்கும். போன கோடைக்குள் மூன்று அங்குலம் முன்னேறிவிட்டார்கள். இதே வேகத்தில் போனால் பார்ஸ்லோவின் கோட்டைத் தொட இன்னும் அறுநூற்றெண்பது வருடம் ஆகும் என்று ராய்ஸ்டன் கணக்குப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமைக்கு இன்னும் நாலு ஆண்கள் தேவை என்ற அறிவிப்பு அதற்குக் கீழே இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் நின்று படிக்கிறார்கள்.